மேல் வீட்டு ஃபைபரைக் கீழ் வீட்டு லேன் போர்ட்டுக்குக் கொண்டுபோக: வயர்லெஸ் பிரிட்ஜ் பற்றி ஒரு விரிவான பதில்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மேட்டில் உள்ள அவர் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. சரிவில் கீழே இன்னொரு சிறிய வீடு இருக்கிறது. நேர்கோட்டில் 120 மீட்டர், இறக்கம் 25 மீட்டர் இருக்கும் என்கிறார். நடுவில் அடுத்தவர் தேயிலை, ஓர் ஓடை, பொது வழி. கீழ் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான்கு கேமராக்களுக்கான ரெக்கார்டர். மூன்றிலும் வைஃபை கிடையாது, லேன் போர்ட் மட்டும்தான். கடையில் சொன்னபடி ஒரு ரிப்பீட்டர் வாங்கிக் கீழே வைத்து, அதிலிருந்து கேபிள் செருகினார். கம்ப்யூட்டரில் நெட் வந்துவிட்டது. ஆனால் மேலே உள்ள லேப்டாப்பிலிருந்து கீழே உள்ள பிரிண்டருக்கு பிரிண்ட் போகவில்லை. ரெக்கார்டரை மேல் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்க முடியவில்லை. மழை பெய்தால் எல்லாமே விட்டு விட்டு வருகிறது. வயர்லெஸ் பிரிட்ஜ் (இரண்டு இடத்து லேன்களை ரேடியோவால் ஒன்றாக இணைக்கும் ஜோடிப் பெட்டி) போட்டால் தீருமா, எதை வாங்குவது, மூடுபனியில் வேலை செய்யுமா என்பது அவர் கேள்வி.

தீரும். அவர் சொல்கிற நிலத்துக்கு வயர்லெஸ் பிரிட்ஜ்தான் பொருத்தம். ஆனால் ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு, அட்டையில் பிரிட்ஜ் என்று அச்சிட்ட ஏதோ ஒரு பெட்டியை வாங்கினால் அதே தொல்லை திரும்பி வரும். அந்தப் பெயரில் சந்தையில் மூன்று விதமான வேலை நடக்கிறது, அதில் ஒன்றுதான் இவருக்கு வேண்டியது. பிரிண்ட் போகாததும் மழையில் அறுவதும் ஒரே கோளாறு அல்ல என்பதையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது செட்டிங் சம்பந்தப்பட்டது. இரண்டாவது மரமும் தண்ணீரும் சம்பந்தப்பட்டது.

பிரிண்டர் விஷயத்தைப் பார்ப்போம். மேல் வீட்டில் வைஃபையில் இருக்கும் போனின் ஐபி முகவரியைப் பாருங்கள், அப்புறம் கீழே உள்ள கம்ப்யூட்டரின் முகவரியைப் பாருங்கள். மேலே 192.168.1 என்று தொடங்கி, கீழே 192.168.0 என்று தொடங்கினால் விஷயம் அங்கேயே புரிந்துவிடும். கீழே உள்ள பெட்டி தனக்கென்று இன்னொரு நெட்வொர்க்கை உண்டாக்கிவிட்டது. கீழிருந்து மேலே போகும், இன்டர்நெட்டுக்கும் போகும். மேலிருந்து கீழே வர வழி கிடையாது. பிரிண்டர் மேல் வீட்டு லேப்டாப்பின் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் இதுதான். ரெக்கார்டரின் கதையும் அதேதான். நிறுவனத்தின் கிளவுட் வழியாகப் போனில் கேமரா தெரியலாம், ஆனால் முகவரி போட்டு நேரடியாகத் திறக்க முடியாது.

இரண்டு பக்கமும் முகவரி ஒரே வரிசையில் இருந்தும் சிக்கல் இருந்தால், மேல் வீட்டுக் கம்ப்யூட்டரின் கட்டளைத் திரையில் கீழே உள்ள கருவிகளுக்கு ஒவ்வொன்றாக பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துவிட்டு, எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி (கருவியிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்) என்று காட்டும் ஏஆர்பி பட்டியலைப் பாருங்கள். கீழே உள்ள எல்லாக் கருவிகளுக்கும் எதிரே ஒரே மேக் முகவரி வந்தால், நடுவில் உள்ள பெட்டி முகவரிகளை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது.

ஏன் மாற்றி எழுத வேண்டும்? வைஃபையின் அமைப்பே அப்படி. ஒரு போன் ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை கொடுக்கும் பெட்டியில்) இணையும்போது தன் மேக் முகவரியைச் சொல்லித்தான் இணைகிறது. அதற்குப் பிறகு அந்த இணைப்பு வழியாக அந்த ஒரு முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஆக்சஸ் பாயின்ட் ஏற்கும். போனுக்குப் பின்னால் கேபிளில் இன்னும் மூன்று கருவிகள் இருக்கின்றன என்பதைச் சொல்ல, சாதாரண வைஃபை சட்டகத்தில் (காற்றில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தில்) இடமே இல்லை. அதில் உள்ளவை மூன்று முகவரிகள்: அனுப்பும் ரேடியோ, வாங்கும் ரேடியோ, ஒரு பக்கத்து இறுதிக் கருவி. இருபுறமும் கேபிள் கருவிகள் இருந்தால் நான்காவது முகவரி வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வரும் தபால் எல்லாம் எஸ்டேட் ஆபீஸ் முகவரிக்கே வந்து, பிறகு ஆபீஸில் பிரித்துக் கொடுப்பது போல, நான்காவது முகவரி இல்லாத பெட்டி எல்லாவற்றையும் தன் பெயரில் வாங்கிப் பின்னால் பிரித்துக் கொடுக்கிறது.

அப்படிப் பிரித்துக் கொடுப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, கீழே தனி நெட்வொர்க் உண்டாக்கி, எல்லாக் கருவிகளையும் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் மறைப்பது, அதாவது நாட் செய்வது. ரவுட்டர் செட்டிங்கில் விஸ்ப் அல்லது ஹாட்ஸ்பாட் என்று இருக்கும். வெறும் நெட் மட்டும் போதுமென்றால் இதில் குறை ஒன்றும் இல்லை. மற்றொன்று, ஒரே ஐபி வரிசையை வைத்துக்கொண்டு மேக் முகவரியை மட்டும் மாற்றுவது. பயணத்துக்கென்று விற்கும் சின்ன ரவுட்டர்களில், உதாரணமாக டிபி-லிங்கின் டபிள்யூஆர்802என் போன்றவற்றில், கிளையன்ட் என்றொரு நிலை இருக்கிறது. வைஃபை இல்லாத ஒரு டிவிக்கோ ஒரு கம்ப்யூட்டருக்கோ அது நன்றாகவே உதவும், விலையும் குறைவு. ஆனால் அதன் பின்னால் சுவிட்ச் போட்டு நான்கைந்து கருவிகளை மாட்டினால், ஒன்றுக்கு முகவரி கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது. பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. கோளாறு எங்கே என்று பிடிபடாமல் அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் முழுமையான பிரிட்ஜ். டபிள்யூடிஎஸ் என்று செட்டிங்கில் இருக்கும். நான்கு முகவரிகளும் அப்படியே போகும். கீழே உள்ள பிரிண்டர் மேல் ரவுட்டரிலேயே நேரடியாகக் கேபிள் செருகினது போல இருக்கும், நடுவில் ரேடியோ இருப்பதே கருவிகளுக்குத் தெரியாது. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. டபிள்யூடிஎஸ் எப்படிப் பேச வேண்டும் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருப்பதால், இரண்டு முனையிலும் ஒரே கம்பெனியின், முடிந்தால் ஒரே மாடலின் பெட்டியை ஜோடியாக வாங்குங்கள். டிபி-லிங்க் சிபிஇ510, யுபிக்விட்டியின் நானோஸ்டேஷன் லோகோ, மைக்ரோடிக்கின் எஸ்எக்ஸ்டி எல்லாம் இந்த வேலைக்கென்றே வந்தவை. பல கிலோமீட்டருக்கு என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து, நமக்கு இவ்வளவு பெரிதா என்று தயங்க வேண்டாம். இந்த வகையில் எளிய மாடலே 120 மீட்டருக்கு தாராளம். டிஷ் வடிவில் வருவதை வாங்காதீர்கள். இந்தத் தூரத்துக்கு அது தேவையில்லை, திருப்பி நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிடும்.

ஒரே வீட்டுக்குள் இதே பிரச்சினை என்றால் வழி வேறு. குன்னூர், ஊட்டி, கொடைக்கானலில் உள்ள பழைய பங்களாக்களின் கருங்கல் சுவர் ஒரு முழம் தடிமன் இருக்கும். ஹாலில் முழு சிக்னல், படுக்கையறையில் பூஜ்யம். அங்கே வெளிப்புறப் பெட்டி எல்லாம் வேண்டாம். மெஷ் செட் (தங்களுக்குள் ரேடியோவில் பேசி ஒரே வைஃபை தரும் பெட்டிகள்) வாங்கி, இரண்டாவது பெட்டியைக் கதவுகள் நேர்கோட்டில் வரும் இடத்தில் வைத்து, அதன் லேன் போர்ட்டில் டிவியையோ கம்ப்யூட்டரையோ செருகினால் போதும். அந்த இரண்டாவது பெட்டி செய்வதும் பிரிட்ஜ் வேலைதான்.

சரி, கேபிளே இழுத்துவிடலாமே என்று பலருக்குத் தோன்றும். காப்பர் லேன் கேபிளின் வரம்பு 100 மீட்டர். இவருக்கு அதுவே இடிக்கிறது. அதைவிட முக்கியம், இரண்டு கட்டடங்களை நீளமான செம்புக் கம்பியால் இணைப்பதை மலையில் நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி இறங்கும்போது, பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னல்கூட அந்தக் கம்பியில் அழுத்தத்தை உண்டாக்கிவிடும். பாறை மண்ணில் எர்த் நன்றாக இறங்காததால் இரண்டு வீட்டு எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசமும் அந்தக் கேபிள் வழியாகத்தான் ஓடும். இரண்டு பக்கத்து போர்ட்டும் ஒன்றாகப் போய்விடும். நிலம் முழுக்க உங்களுடையதாக இருந்தால் என் முதல் யோசனை ஃபைபர்தான். இரண்டு பக்கமும் ஃபைபரை லேனாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் வேலை முடிந்தது, மின்னல் பயமும் இல்லை. கேபிளில் தாங்குவதற்காக வரும் இரும்புக் கம்பியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டிவிட வேண்டும். இவருக்கு நடுவில் அடுத்தவர் தோட்டம். மண்ணுக்குள் புதைத்தால் காட்டுப்பன்றி கிளறும், மேலே இழுத்தால் குரங்கு தொங்கும், தாழ்வாகப் போனால் காட்டெருமை இழுத்துக்கொண்டு போகும். ரேடியோதான் இங்கே நிம்மதி.

இப்போது மூடுபனி. நீலகிரியில் நெட் வரவில்லை என்றால் முதல் பழி மிஸ்ட்டின் மேல்தான் விழும். அது செய்யாத குற்றம். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர், 2.4-இன் நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர். மூடுபனியின் துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. அந்தத் துளி அந்த அலையை ஒன்றும் செய்யாது. எதிர் வீடே தெரியாத பனியிலும் சிக்னல் எண் அசையாமல் நிற்பதை நீங்களே பார்க்கலாம். கொட்டுகிற மழைகூட, 5 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபல் அளவுக்குத்தான் குறைக்கும். 120 மீட்டருக்கு அது கணக்கிலேயே வராது. 60 ஜிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் மட்டும் வேறு சாதி. மழை அவற்றை உண்மையாகவே அடிக்கும்.

அப்படியானால் மழை நாளில் ஏன் அறுகிறது? நனைந்த இலையால். இலை காய்ந்திருக்கும்போது ஓரளவு ஊடுருவுகிற சிக்னல், அதே இலை தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கும்போது பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். கோடையில் அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த லிங்க் ஐப்பசி கார்த்திகையில் படுத்துவிடுவது இதனால்தான். தேயிலைச் செடி இடுப்பு உயரம்தான், அதனால் தொல்லை இல்லை. தொல்லை தருவது நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கும், எல்லையோரம் நிற்கிற கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). கூடலூர்ப் பக்கம்போல சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தால் அது சுவருக்குச் சமம். கற்பூர மரம் இன்னொரு விதத்தில் படுத்தும். காற்றில் கிளை ஆட ஆட சிக்னலும் ஏறி இறங்கும். வேகம் ஒரு நிமிடம் நன்றாக இருந்து அடுத்த நிமிடம் விழுந்தால், வெளியே வந்து காற்றையும் மரத்தையும் பாருங்கள்.

எதிர் வீட்டுச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் அலை ஒரு கோடாகப் போவதில்லை, நடுப்பகுதி பருத்த ஒரு குழாய் போன்ற வெளி அதற்கு வேண்டும். இதை ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 120 மீட்டருக்கு நடுவில் அதன் ஆரம் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றேகால் மீட்டர், 2.4-இல் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் அறுபது சதவீதமாவது மரம், மண்மேடு, கூரை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். சில்வர் ஓக் வேகமாக வளரும் மரம் என்பதால் இன்றைக்குச் சும்மா விலகி நிற்கும் கிளை அடுத்த வருடம் உள்ளே வந்துவிடும். மரத்தையே வெட்டிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே அமலில் உள்ளது, சொந்த நிலமானாலும் அனுமதி வேண்டும். மரத்தை நகர்த்துவதைவிடப் பெட்டியை நகர்த்துவது எளிது. வீட்டின் இந்த மூலையில் மறைக்கிற மரம் அந்த மூலையிலிருந்து பார்த்தால் விலகியிருக்கும். ஒரு ஆளைக் கீழே நிறுத்தி, கையில் டார்ச்சைக் கொடுத்து, சாயங்காலம் இருட்டினதும் சுவர் ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வெளிச்சம் மறையாமல் முழுசாகத் தெரிகிறதோ அந்த இடம்.

பெட்டியைக் கூரைக்கு மேல் கம்பம் நட்டு ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. கம்பம் மின்னலுக்கு அழைப்பு. சரிவில் உள்ள வீடுகளுக்கு உயரம் ஏற்கெனவே இயற்கையாகக் கிடைத்திருக்கிறது, கூரை இறவாரத்துக்குக் கீழே சுவரிலேயே மாட்டலாம். தகரக் கூரையாக இருந்தால் தகர விளிம்பு ஆன்டெனாவின் முகத்துக்கு முன்னால் வரக் கூடாது. தகரம் ரேடியோவை முற்றாக மறைக்கும். வெளியே மாட்டவே வழியில்லை என்றால் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கலாம், சாதாரணக் கண்ணாடி பெரிதாக ஒன்றும் செய்யாது. வெயிலுக்கு ஒட்டும் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம், இரும்புக் கொசுவலை இரண்டில் எது இருந்தாலும் அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள்.

மலைக்கே உரிய ஒரு விஷயம் சாய்வு. சமவெளியில் கிளாம்பை இறுக்கி நேராக நிறுத்தினால் முடிந்தது. இங்கே 120 மீட்டரில் 25 மீட்டர் இறக்கம் என்றால் மேல் பெட்டி ஏறக்குறைய பன்னிரண்டு டிகிரி கீழே பார்க்க வேண்டும், கீழ்ப் பெட்டி அதே அளவு மேலே பார்க்க வேண்டும். தட்டையான பெட்டியின் கதிர் அகலமானது, சாய்க்க மறந்தாலும் சமாளித்துவிடும். டிஷ்ஷாக இருந்தால் கதிர் முழுவதும் எதிர் வீட்டின் தலைக்கு மேல் போய்விடும். திருப்பும் முறை இதுதான்: ஒரு முனையைக் கண்ணால் பார்த்துக் குறிவைத்து இறுக்கிவிடுங்கள். மற்ற முனையின் கிளாம்பை லேசாகத் தளர்த்தி, போனில் அந்தப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து சிக்னல் எண்ணைப் பார்த்தபடி முதலில் பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் பத்து வினாடி பொறுங்கள், எண் தாமதமாகத்தான் மாறும். பக்கவாட்டில் சிறந்த இடம் கிடைத்ததும் அதை இறுக்கி, மேலும் கீழும் பாருங்கள். அப்புறம் மற்ற முனையில் இதையே செய்யுங்கள்.

அந்த எண் டிபிஎம் அளவில், மைனஸ் குறியோடு வரும். மைனஸ் 50-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் உத்தமம். மைனஸ் 75-க்குக் கீழே போனால் மழைக் காலத்தில் தாங்காது. மைனஸ் 40-ஐத் தாண்டி வலுவாக வந்தாலும் நல்லதல்ல, வாங்கும் ரேடியோ திணறும். கணக்குப் போட்டால், 20 டிபிஎம் சக்தியும் இரு பக்கமும் 13 டிபிஐ (ஆன்டெனா சிக்னலைக் குவிக்கும் அளவு) ஆன்டெனாவும் உள்ள 5 ஜிகாஹெர்ட்ஸ் ஜோடிக்கு, தடையில்லாத 120 மீட்டரில் மைனஸ் 43 வரும். அதனால் இரண்டு பெட்டியிலும் அனுப்பும் சக்தியை 10-க்குக் குறைத்துவிடுங்கள், மைனஸ் 53-இல் வந்து நிற்கும். அக்கம்பக்கத்து வைஃபைக்கும் இடைஞ்சல் குறையும். கணக்குப்படி வர வேண்டியதைவிட இருபது டெசிபல் குறைவாக வந்தால், நடுவில் ஏதோ மறைக்கிறது அல்லது ஆன்டெனா தப்பாகப் பார்க்கிறது. அந்த நிலையில் சக்தியைக் கூட்டுவது மருந்தல்ல.

எந்த அலைவரிசை? பார்வை திறந்திருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. ஊர் முழுக்க உள்ள ரவுட்டர்கள் அதில்தான் கத்திக்கொண்டிருக்கின்றன, எதிர்ச் சரிவில் உள்ள வீடுகளின் சிக்னல்கூடப் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்து சேரும். ஓரிரு கிளைகள் குறுக்கே வந்தே தீரும் என்றால் மட்டும் 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நம் நாட்டில் 2.4-ஐ 2005-இலும், 5 ஜிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை 2018 அக்டோபரிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்துவிட்டார்கள், வரம்புக்குள் சக்தி இருந்தால் போதும். சேனலைத் தானியங்கி என்று விடாமல் 149, 153, 157, 161 ஆகியவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். 52 முதல் 144 வரை உள்ளவற்றில் ரேடார் இருக்கிறதா என்று பெட்டி அவ்வப்போது கேட்டு விலக வேண்டியிருக்கும். காரணம் தெரியாமல் ஒரு நிமிடம் அறுந்து வருவது பல சமயம் இதனால்தான். சேனல் அகலம் 40 போதும். கூட்டம் அதிகமென்றால் 20.

கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்தப் பெட்டிகளுக்கு மின்சாரமும் லேன் கேபிள் வழியாகவே ஏறுகிறது. செம்பு பூசிய அலுமினியக் கேபிளை கடைகளில் கேட்-6 என்றே விற்கிறார்கள். தடை அதிகம், நுனி சீக்கிரம் முறியும், ஈரத்தில் அரிக்கும். ஒரு இழையை உரித்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், வேண்டாம். வெளிப்புறத்துக்கான கறுப்பு உறையுள்ள, முழுச் செம்புக் கேபிளாக வாங்குங்கள். பெட்டியிலிருந்து கேபிள் நேரே சுவர்த் துளைக்குள் போகக் கூடாது. துளைக்குக் கீழே வரை ஒரு வளைவு தொங்கவிட்டு, அப்புறம் மேலேறி உள்ளே போக வேண்டும். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். சுவர்த் துளையையும் வெளிப்பக்கம் தாழ்வாகச் சாய்த்துப் போடுங்கள். பெட்டியின் அடியில் உள்ள சிறு துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். இரவுக் குளிரில் உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற அது ஒன்றுதான் வழி.

மின்சாரம் ஏற்றும் இன்ஜெக்டரில் இரண்டு போர்ட் இருக்கும். பிஓஇ என்று எழுதியது கூரைப் பெட்டிக்கு, லேன் என்று எழுதியது ரவுட்டருக்கோ சுவிட்ச்சுக்கோ. மாற்றிச் செருகினால் கம்ப்யூட்டரின் போர்ட்டே போகக்கூடும். இந்த வகைப் பெட்டிகள் பலவும் 24 வோல்ட் கேட்பவை. கேமராவுக்கான 48 வோல்ட் சுவிட்ச்சில் அவற்றை மாட்டுவதற்கு முன் பெட்டியின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

செட்டிங் எல்லாவற்றையும் சுவரில் ஏற்றுவதற்கு முன் மேஜையில் வைத்தே முடித்துவிட வேண்டும். இரண்டையும் சில மீட்டர் தள்ளி வைத்து, சக்தியைக் குறைத்து, ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாகவும் மற்றதைக் கிளையன்ட்டாகவும் போடுங்கள். இரண்டிலும் டபிள்யூடிஎஸ் ஆன், நெட்வொர்க் நிலை பிரிட்ஜ், டிஹெச்சிபி (தானாக ஐபி முகவரி கொடுப்பது) ஆஃப். முகவரி கொடுக்கும் வேலையை மேல் ரவுட்டர் ஒன்றே செய்ய வேண்டும். ரவுட்டர் 192.168.1.1 என்றால் மேல் பெட்டிக்கு 192.168.1.2, கீழ்ப் பெட்டிக்கு 192.168.1.3 என்று நிலையாகக் கொடுத்து, ரவுட்டரின் தானியங்கிப் பட்டியல் 20-க்கு மேல் தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பூட்டு முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள்.

கீழே வந்தால், இன்ஜெக்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஐந்து போர்ட் உள்ள ஒரு சாதாரண சுவிட்ச். அதில் கம்ப்யூட்டர், பிரிண்டர், ரெக்கார்டர். கீழ் வீட்டில் போனுக்கும் வைஃபை வேண்டுமென்றால் இந்த ஜோடியிலிருந்து கிடைக்காது. யுபிக்விட்டி போன்றவை தங்களுக்குள் தனி மொழியில் பேசுவதால் போன் அவற்றோடு இணையாது. இணைகிற வகையிலும் அந்த வேலையைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுத்து, டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.4 என்று மாற்றி, சுவிட்ச்சிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். இன்டர்நெட் கேபிளுக்கான வேன் போர்ட்டில் செருகினால் மறுபடி இரண்டாவது நெட்வொர்க் உருவாகி, தொடங்கின இடத்துக்கே வந்துவிடுவோம்.

ரெக்கார்டரைக் கீழேயே, கேமராக்கள் இருக்கும் பக்கத்திலேயே வைத்திருப்பது சரியான முடிவு. அதை மேலே கொண்டுபோனால் நான்கு கேமராக்களின் படமும் இரவும் பகலும் ரேடியோ வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். இப்போது யாராவது பார்க்கும்போது மட்டும்தான் பாரம். ஒரு கேமராவின் முழுத் தெளிவுப் படத்துக்கு நான்கு எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் நான்கும் சேர்ந்து பதினாறுதான், அது இந்த லிங்க்குக்கு ஒன்றுமில்லை.

வேகத்தை இன்டர்நெட் ஸ்பீட் டெஸ்ட் வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். கீழ்க் கம்ப்யூட்டரிலிருந்து 192.168.1.1-க்கு பிங் ஓடவிடுங்கள். ஐந்து மில்லிசெகண்டுக்குள் சீராக வந்து, அரை மணி நேரத்தில் ஒன்றுகூடத் தவறாமல் இருந்தால் ரேடியோ பக்கம் சுத்தம். வேகத்துக்கு இரண்டு கம்ப்யூட்டரிலும் ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். பெட்டி 300 எம்பிபிஎஸ் என்று காட்டினாலும் நிஜத்தில் அதில் பாதியைத்தான் எதிர்பார்க்க வேண்டும், ரேடியோ ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. பெட்டியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை என்றால் 90-ஐ ஒட்டி நின்றுவிடும். பிரிண்டருக்கும் கேமராவுக்கும் அது தாராளம்.

கரண்ட் கட் ஆனால் ரவுட்டர், மேல் இன்ஜெக்டர், கீழ் இன்ஜெக்டர், கீழ் சுவிட்ச் நான்கும் உயிரோடு இருந்தால்தான் கேமரா தெரியும். ரவுட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வைத்துவிட்டு மேல் இன்ஜெக்டரை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. எல்லாம் சேர்ந்தும் சில பத்து வாட் தாண்டாது, இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடலாம். பெரிய இடி வருகிற நாளில் அடாப்டரோடு லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக அந்த பிரிண்டர். பிரிட்ஜ் ஓடத் தொடங்கியதும் அது மேல் ரவுட்டரின் பட்டியலில் தன் சொந்த மேக் முகவரியோடு வந்து நிற்கும். அந்த மேக்குக்கு 192.168.1.10 என்று ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள், ரெக்கார்டருக்கு 11. மேல் வீட்டு லேப்டாப்பில் பழைய பிரிண்டர் பதிவை நீக்கிவிட்டு, ஐபி முகவரி கொடுத்துச் சேர்க்கும் வழியில் 192.168.1.10 என்று போட்டுப் புதிதாகச் சேருங்கள். பழைய ரிப்பீட்டரைக் கழற்றி எடுத்துவிட மறக்காதீர்கள். அது பிளக்கில் இருக்கும்வரை கீழ்க் கருவிகளில் ஏதாவது ஒன்று அதன் வழியாகவே போகப் பார்க்கும்.